அடித்தால் அடங்கும் வலி

அவளை ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவள் என்று சொல்லி ஆரம்பிக்கலாம்தான். ஆனால் பொழுது விடிந்ததிலிருந்து கடை சாத்தும்வரை கோழி வெட்டுகிற ஒருத்தியைப் பற்றி அப்படிச் சொன்னால் கோழிகளே காறித் துப்பும். ஆகவே திருத்திச் சொல்கிறேன்: மனிதர்கள் விஷயத்தில் அவள் வாயில்லாப் பூச்சி. மார்க்கெட்டில் எல்லோருக்கும் அவள் கோழியக்கா. எடை போட்டபின் "தோலை உரி" என்பார்கள், உரித்தபின் "சின்னத் துண்டா போடு" என்பார்கள், போட்டபின் "ஈரல் எங்க, வீட்டுக்கு எடுத்துட்டுப் போறியா?" என்று அதட்டுவார்கள். அவள் தலையை ஆட்டிக்கொண்டே கத்தியை ஓங்குவாள். மரக்கட்டையில் கத்தி இறங்குகிற சத்தம் மார்க்கெட்டின் மறுகோடிவரை கேட்கும். அவள் குரல் எதிரில் நிற்பவனுக்கே கேட்காது.

வீட்டிலும் அதே கதைதான். கணவன் ஏசி மெக்கானிக். நல்ல மனுஷன், எந்தச் சண்டையையும் ஒரு சிரிப்பில் மழுப்பிவிட்டு நழுவுகிற ஆள். அவன் தங்கை, அதாவது இவளுடைய நாத்தனார், பியூட்டி பார்லரில் வேலை பார்த்தாள், அவர்களோடுதான் இருந்தாள். எந்த முகத்தைப் பார்த்தாலும் அதில் என்ன குறை என்று சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்குச் சாப்பாடு இறங்காது. அண்ணியின் முகத்தில் அவள் பிடித்து வைத்திருந்த குறை தெத்துப்பல். மேல்வரிசையில் இடப்பக்கம் ஒரு பல், பக்கத்துப் பல்லை முழங்கையால் இடித்துவிட்டு முன்னால் வந்து நிற்கும். கோழியக்கா சிரிக்கும்போது புறங்கையால் வாயை மூடிக்கொள்வாள்.

ஒரு நாள் அவளுடைய மகள், எட்டு வயதுக்காரி, மூக்கில் நிற்காத கண்ணாடிக்காரி, பள்ளிக்கூடத்தில் அம்மாவைப் படமாக வரைந்து கொண்டுவந்தாள். படத்தில் அம்மாவின் கையில் கத்தி, உதட்டுக்கு வெளியே ஒரு பல். நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அண்ணி, இத வாசல்ல மாட்டி வச்சா திருடன் எட்டிக்கூடப் பாக்க மாட்டான்!" கணவனும் சிரித்தான். கோழியக்காவும் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அடுத்த வாரமே பல் டாக்டரின் நாற்காலியில் போய்ச் சாய்ந்தாள்.

டாக்டர் இளம் வயது, நல்ல நிறம், பார்ப்பவர்களையெல்லாம் கண்ணாடி மாதிரிப் பார்த்து தன் பல்லைக் காட்டுகிறவர். "கிளிப் போட்டா ரெண்டு வருஷம் ஆகும்மா. முன்னாடி இருக்குற ஆறு பல்லையும் லேசா சீவிட்டு மேல பீங்கான் மூடி போட்டுட்டா சுலபம். உங்களையே உங்களுக்கு அடையாளம் தெரியாது." சீவினார். மிஷின் அலறியது. கோழியின் பொடி மயிரைத் தீயில் வாட்டும்போது வருமே, அந்த நாற்றம் அவள் வாயிலிருந்தே வந்தது. நடுவில் ஒரு முறை மூளைவரை சுரீர் என்று இழுத்தது. கையைத் தூக்கப் பார்த்தாள். டாக்டர் நர்ஸிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார், குறுக்கே பேசக் கூடாது என்று கையைக் கீழே போட்டுக்கொண்டாள். ஆறு நல்ல பற்கள் ஆறு முளைகளாகிவிட்டன.

மூடி போட்டபின் அழகாகத்தான் இருந்தாள். அதை மறைக்க முடியாது. நாத்தனாரே வாயடைத்துப் போனாள். சில வாரம் கோழியக்கா காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு திரிந்தாள், கையை வாய்க்குக் கொண்டுபோகாமல்.

அப்புறம் வலி வந்தது. மூக்கோரத்தில் தொடங்கி, கன்னத்துக்குள் புகுந்து, கண்ணுக்கடியில் போய் நின்றது. அடுப்பில் காய்ந்த கரண்டியை உள்பக்கமாக வைத்து அழுத்துகிற மாதிரி ஓர் எரிச்சல், நாள் முழுக்க. அதற்கு மேல் அவ்வப்போது ஒரு குத்து. காற்று பட்டால் குத்தும், தலையணை பட்டால் குத்தும், மகள் முத்தம் கொடுத்தால் குத்தும். டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். "ஒண்ணுமே இல்லியே!" என்று அவளைப் பாராட்டுகிற குரலில் சொன்னார். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பல்லுக்கு ரூட் கெனால் போட்டார். வலி பக்கத்துப் பல்லுக்குக் குடிபோனது. அதற்கும் போட்டார். கடைவாய்க்குப் போனது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். பல் இருந்த குழியில் வலி காலை நீட்டிப் படுத்துக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கோ என்று ஆறுதல் சொல்ல வந்தவர்களைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்தது, எந்தப் பல்லைக் கடிப்பது?

முதல் அடி சமையலறையில் விழுந்தது. அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நாத்தனார் கதவில் சாய்ந்து நகத்துக்குப் பாலிஷ் போட்டபடி சொன்னாள்: "அழகு வேணும்னா கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும் அண்ணி. எங்க பார்லருக்கு வர்றவங்க யாரும் இப்படி ஒப்பாரி வைக்கறதில்ல."

கோழியக்கா திரும்பினாள். ஈரக் கை. கோழியை ஒரே வெட்டில் இரண்டாக்கிப் பழகிய கை. அறை விழுந்த வேகத்தில் நாத்தனார் பாத்திர ஸ்டாண்டோடு சேர்ந்து சரிந்தாள். தட்டுகளும் டம்ளர்களும் அவள் மேல் பொழிந்தன. காதுக்குக் கீழே ஐந்து விரலும் அச்சடித்த மாதிரி எழும்பி வந்தன.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நாத்தனாருக்கு ஏன் அடி விழுந்தது என்று புரியவில்லை. கோழியக்காவுக்குப் புரியாதது வேறு. வலியைக் காணோம். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், அழுத்திப் பார்த்தாள். இல்லை. அன்று முழுக்க இல்லை. வயிறாரச் சாப்பிட்டாள், மகளை மடியில் போட்டுத் தலை வாரினாள், பாட்டுக்கூட முனகினாள்.

கணவன் வந்ததும் தங்கை ஓடிப்போய்க் கன்னத்தைக் காட்டினாள். அவன் பார்த்தான், கஷ்டப்பட்டுச் சிரிப்பை அடக்கினான். தங்கை அந்தப் பக்கம் போனதும் மனைவியின் காதோரம் வந்து, "இத நீ பத்து வருஷம் முன்னாடியே செஞ்சிருக்கணும், புலி" என்றான். அன்றிலிருந்து அவன் வாயில் அவள் பெயர் புலி. நாத்தனார் அந்த மாதமே பார்லருக்குப் பக்கத்தில் ஒரு ரூம் பார்த்துக்கொண்டு போய்விட்டாள். வீடு நிம்மதியாயிற்று. ஓர் அறையில் இத்தனை நல்லது நடக்குமா என்று எல்லோருக்கும் ஆச்சரியம். அந்த வீடு செய்த தப்பே அந்த ஆச்சரியம்தான்.

ஆனால் அறை விழுந்த மறுநாளே வலி திரும்பி வந்திருந்தது. இப்போது அவளுக்கு மருந்து தெரியும். முதலில் ஆள் இல்லாமலே முடியுமா என்று பார்த்தாள். சுவரில் குத்தினாள். விரல் வீங்கியதுதான் மிச்சம், சுவருக்கு ரோஷம் வரவில்லை. கடையில் தேவைக்குமேல் ஓங்கி வெட்டினாள், எலும்பு தெறித்து எதிரில் நின்றவரின் சட்டையில் ஒட்டியது. பயனில்லை. பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு தன் தொடையிலேயே அறைந்துகொண்டாள். அதுவும் கேட்கவில்லை. திருப்பிப் பார்க்கிற கண்ணுள்ள ஓர் ஆள் வேண்டும். அந்தக் கண்ணில் பயம் வர வேண்டும். அப்போதுதான் வலி வாலைச் சுருட்டிக்கொண்டு போனது.

ஆகவே தேட ஆரம்பித்தாள். ஈரலைப் பற்றி நக்கலடித்த ஒருவனை மேடைக்கு மேலாகச் சட்டையைப் பிடித்து இழுத்து, அவன் முகத்தைக் கோழிக் குடல் கிடந்த தொட்டியில் அழுத்தினாள். மார்க்கெட் கைதட்டியது. பஸ்ஸில் போக வேண்டிய வேலையே இல்லாதபோதும் கூட்டமான பஸ்ஸாகப் பார்த்து ஏறினாள். பெண்களை உரசுகிற பயல் ஒருவனாவது கிடைக்காமல் போவானா? கிடைத்தான். பள்ளிக்கூடப் பெண் ஒருத்தியின் பின்னால் நின்று நெளிந்துகொண்டிருந்தவனின் மூக்கில் ஸ்டீல் டிபன் பாக்ஸை இறக்கினாள். மூக்கெலும்பு நொறுங்கியது கைக்குத் தெரிந்தது. எலும்பு விஷயத்தில் அவள் கை ஏமாறாது. விழுந்தவனை இன்னும் இரண்டு முறை அடித்தாள். டிரைவர் பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கும்பிட்டார். அந்தப் பெண் அழுதுகொண்டே "ரொம்ப தேங்க்ஸ் அக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

கோழியக்காவுக்குக் கூச்சமாக இருந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைக்கூட அவள் சரியாகப் பார்த்திருக்கவில்லை. மாத்திரை போட்டுக்கொள்கிறவளைத் தியாகி என்றால் எப்படி இருக்கும்? ஆனால் கன்னம் குளிர்ந்து கிடந்தது. கூச்சத்தை ஓரமாக வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

பல் டாக்டரின் முறையும் வந்தது. அவரிடம் அவள் சண்டைக்குப் போகவில்லை. சத்தியமாக வைத்தியத்துக்குத்தான் போனாள். அவர் வாய்க்குள் விரலை விட்டு மூடிகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். அசைத்துக்கொண்டே நர்ஸிடம் தான் வெளியூர் போய்வந்த கதையைச் சொன்னார். கதையின் நடுவில், போகிற போக்கில், அவளுக்கும் ஒரு வார்த்தை போட்டார். "பாருங்கம்மா, என் வேலையில ஒரு குறையும் இல்ல. வலி பல்லுல இல்ல, உங்க மனசுல இருக்கு. சும்மா அதையே நினைக்காம வேற எதுலயாவது மனச திருப்புங்க."

அவள் கடித்தாள். விரலில் எங்கே எலும்பு, எங்கே மூட்டு என்று நாக்காலேயே பார்த்து, மூட்டில் கடித்தாள். கையுறை பிய்ந்தது, தோல் பிய்ந்தது, அதற்கும் கீழே ஏதோ நறுக்கென்றது. டாக்டர் போட்ட அலறலில் வெளியே காத்திருந்தவர்கள் செருப்பைத் தேடினார்கள். நர்ஸ் கையில் கிடைத்த தட்டால் கோழியக்காவின் தலையில் அடித்தாள். கோழியக்கா விடவில்லை. டாக்டர் முழங்காலில் விழுந்து, அவர் கண்ணில் தண்ணீர் முட்டி, "அம்மா, அம்மா" என்று கெஞ்சியபின்தான் வாயைத் திறந்தாள். ரப்பர்த் துணுக்கை அவர் பேசினிலேயே துப்பி, வாய் கொப்பளித்து, கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள். ஆறு மூடியிலும் ஒரு கீறல் இல்லை. வேலைப்பாடு என்று எடுத்துக்கொண்டால் அந்த மனுஷனைக் குறை சொல்லவே முடியாது.

அவர் போலீஸுக்குப் போகவில்லை. போனால் எக்ஸ்ரேக்களையெல்லாம் வேறொரு பல் டாக்டர் எடுத்துப் பார்த்துவிடுவார் என்கிற பயம். கணவன் இந்தக் கதையை ஒர்க்‌ஷாப் ஆட்கள் வீட்டுக்கு வந்தபோது நடித்தே காட்டினான். "என் பொண்டாட்டி கடிச்சா ரூட் கெனாலே தேவையில்ல!" என்று நண்பர்களைச் சிரிக்கவைத்தான். மகள் ஒரு மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளிவிட்டபடி, சிரிக்காமல், அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரின் விரல் தந்த நிம்மதி இரண்டு நாளைக்கு வந்தது. அதன்பின் அவளைக் கண்டாலே மார்க்கெட் ஒதுங்கியது. வாடிக்கைக்காரர்கள் "எப்படி வேணா வெட்டுங்க அக்கா" என்றார்கள். பஸ்ஸில் ஏறினால் ஆண்கள் கம்பியைக் கட்டிக்கொண்டு சாதுவாக நின்றார்கள். ஊரில் அயோக்கியர்களுக்குப் பஞ்சம் வந்துவிட்டது. வலிக்கு எந்தப் பஞ்சமும் இல்லை. அது முன்னைவிடக் கொழுத்து வந்தது. இப்போது ஓர் ஆளை அடித்தால் கிடைக்கிற சுகம் அடுப்பில் பால் பொங்குகிற நேரம்தான் நின்றது.

அயோக்கியன் கிடைக்காவிட்டால் நல்லவன். ஒரு காலையில் கணவன் அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "என்ன புலி, இன்னிக்கு யாரு பலி?" என்றான். அவள் கையில் இரும்பு வாணலி இருந்தது. அவன் தோளெலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அவன் உட்கார்ந்துவிட்டான். வலியில் முகம் வெளுத்து, வேர்த்து, அவளை அண்ணாந்து பார்த்தான். திட்டவில்லை. "நான் என்னடி பண்ணேன்?" என்று மட்டும் கேட்டான்.

அவன் ஒன்றும் பண்ணவில்லை என்று அவளுக்குத் தெரியும். தன் கன்னம் அடங்கிக் கிடப்பதும் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போது, ஏணியிலிருந்து விழுந்துவிட்டதாக அவன் சொன்னான். அன்றோடு புலி என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

முறிந்த பக்கத்துக் கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டியபடி அவனே விசாரித்து அவளை ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனான். வயதான அம்மா. எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். பஞ்சால் கன்னத்தைத் தொட்டார், கோழியக்கா துள்ளினாள்.

"பல்லு பாவம்மா. சீவும்போது நரம்பு அடிபட்டிருக்கு, அதான் பல்லே இல்லாத இடத்துலகூட வலிக்குது. இனிமே யார் சொன்னாலும் ஒரு பல்லையும் புடுங்க விடாதீங்க. மாத்திரை தர்றேன். மெதுவாத்தான் கேக்கும், மாசக் கணக்குல ஆகும். முழுசா போயிடும்னு சத்தியம் பண்ண மாட்டேன்." பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "நடுவுல எப்பவாவது குறையுதா? எதாவது செஞ்சா குறையுதா?"

கணவன் தரையைப் பார்த்தான். கோழியக்கா சட்டென்று சொன்னாள். "இல்ல டாக்டர். எது செஞ்சாலும் குறையல."

அந்தப் பொய்யை அவள் ஏன் சொன்னாள் என்று எனக்குக் கோபம்தான். வெட்கத்தால் என்று சொல்லலாம். அது பாதி. மீதி, அந்த ஒரு மருந்தையும் யாராவது பிடுங்கிக்கொள்வார்களோ என்கிற பயம். மாத்திரையை ஒழுங்காகப் போட்டாள். தூக்கம் வந்தது, தலை சுற்றியது, கடையில் கத்தி கட்டைவிரலை நூலிழையில் தப்பவிட்டது. வலி கேட்ட பாடில்லை.

மகள் பள்ளிக்குப் புறப்படுகிற நேரம். யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்திருந்தாள். தட்டின் விளிம்பில் பென்சிலால் தட்டிக்கொண்டிருந்தாள். டக், டக், டக். ஏதோ ஒரு கணக்கு, ஏதோ ஒரு பாட்டு, குழந்தைகளின் சமாசாரம். ஒவ்வொரு டக்கும் கோழியக்காவின் கன்னத்தில் இறங்கியது.

"நிறுத்து."

டக், டக்.

"நிறுத்துன்னு சொல்றேன்ல?"

குழந்தை நிறுத்தினாள். பென்சிலைக் கீழே வைத்தாள். "சாரிம்மா" என்றாள். அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. இதை நான் மென்று விழுங்கப் போவதில்லை: கோபம் வந்து அவள் கை ஓங்கவில்லை. கை ஓங்குவதற்காகக் கோபத்தைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தாள். போன வாரம் கிழித்துக்கொண்டு வந்த சட்டை, மிச்சம் வைத்த சாப்பாடு, வரைந்த படம், எல்லாவற்றையும் ஒரு நொடியில் கூட்டிச் சேர்த்தாள். சேர்த்துக்கொண்டு அடித்தாள்.

கண்ணாடி பறந்து சுவரில் பட்டது. குழந்தை நாற்காலியோடு விழுந்தாள், முகம் ஃப்ரிட்ஜின் கைப்பிடியில் மோதியது. மேலுதடு கிழிந்தது. வெள்ளைச் சட்டையில் ரத்தம் சொட்டுச் சொட்டாக விழுந்தது. உதட்டோடு ஒரு பல்லும் ஆடியது.

வலி போய்விட்டது. மாசக்கணக்கில் அப்படிப் போனதில்லை. கன்னம், கண், தாடை எல்லாம் காற்றுப் பட்ட ஈரத்துணி மாதிரி ஆறிப்போயின. நெற்றிச் சுருக்கம் பிரிந்தது, தோள் இறங்கியது, மூச்சு நீளமாக வெளியே வந்தது. சுகம். அந்தச் சுகத்தை அவள் முழுதாக அனுபவித்த பிறகுதான் ரத்தத்தைப் பார்த்தாள். குழந்தை அழவில்லை. விழுந்த இடத்திலிருந்து, கண்ணாடியில்லாத கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அம்மாவின் முகம் தெளிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் கோழியக்கா என்னவெல்லாம் செய்தாள் என்றால், தன் கைக்குப் பயந்து ஒளிந்து திரிந்தாள். விடியுமுன் கடைக்குப் போனாள். வீட்டிலிருக்கும்போது கையைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்தாள். குழந்தை கிட்டே வந்தால் எழுந்து போனாள். கணவன் உதட்டுக்குத் தையல் போட்டுக் கூட்டிவந்தான், புதுக் கண்ணாடி வாங்கித் தந்தான். மகளைத் தன் பக்கத்திலேயே படுக்கவைத்துக்கொண்டான். தன் வயிற்றில் பிறந்தது தன்னைக் கண்டு நடுங்கப்போகிறதே என்பதுதான் கோழியக்காவின் ஒரே நினைப்பாக இருந்தது. உயிரே போனாலும் இனி அவள் மேல் கை படக் கூடாது என்று சத்தியம் செய்துகொண்டாள்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் கணவன் முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்தான். வலி ஏறத் தொடங்கியது. அவள் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தரையில் உட்கார்ந்தாள், படுத்தாள், கன்னத்தை டைல்ஸில் வைத்து அழுத்தினாள். குத்து கண்ணுக்குப் பின்னால் போய்த் திருகியது. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு ஊளையிட்டாள். காலால் உதைத்ததில் குடம் உருண்டு தண்ணீர் பரவியது.

கதவு திறந்தது. மகள்.

"போ! அப்பாகிட்ட போ!"

போகவில்லை. கண்ணாடியைக் கழற்றினாள். இரண்டு பக்கமும் மடக்கினாள். எட்டி அடுப்பு மேடையில், விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, பத்திரமாக வைத்தாள். தண்ணீரை மிதித்துக்கொண்டு வந்து, அம்மாவின் எதிரில் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இந்தப் பக்கம் அடிம்மா" என்று கன்னத்தைத் திருப்பினாள். "அந்தப் பக்கம் வேண்டாம், தையல் இன்னும் ஆறல."

"என்னடி உளர்ற?"

"அடிச்சா உனக்குப் போயிடும்ல? அத்தைய அடிச்சப்போ போச்சு. அப்பாவ அடிச்சப்பவும் போச்சு. அன்னிக்கு என்ன அடிச்சப்போ ரொம்ப நல்லா போச்சு, நான் பாத்தேன். அப்பா தூங்குறாரு, அவருக்குத் தோள் வேற வலிக்குதாம். அதான் நானே வந்தேன்." கொஞ்சம் யோசித்து, தைரியம் சொல்கிற மாதிரி, "நான் அழ மாட்டேன்மா. பாத்ரூம்ல நானே அடிச்சுப் பழகிட்டேன்" என்றாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

சொல்ல நாக்கூசுகிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். கோழியக்காவின் கை எழுந்தது. சத்தியம் செய்துகொண்டதெல்லாம் அந்தக் கைக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எதிரில் ஒரு கன்னம் இருக்கிறது, அடித்தால் வலி போகும் என்பதுதான். தோள் உயரத்துக்கு எழுந்துவிட்ட கையை அவள் இன்னொரு கையால் பிடித்து, மணிக்கட்டைப் பல்லால் கவ்வி, ரத்தம் வரக் கடித்து, பிறகு வாய் நிறைந்த ரத்தத்தோடு கத்தினாள்.

"என்னங்க! எந்திரிங்க! இவள இங்கேருந்து தூக்கிட்டுப் போங்க!"

கணவன் ஓடிவந்தான். தண்ணீரையும், மனைவியின் கையையும், கண்ணை மூடி நிற்கிற மகளையும் பார்த்தான். மகள் நின்ற தோரணையைப் பார்த்ததும் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டான்.

"உங்க தங்கச்சி ரூமுக்குக் கூட்டிட்டுப் போங்க. அவகிட்ட நான் கால்ல விழுந்து கேட்டேன்னு சொல்லுங்க. இவ இனிமே இங்க வரக் கூடாது."

"எத்தனை நாளைக்குடி?"

"மாத்திரை கேக்கற வரைக்கும். கேக்கலேன்னா வரவே வேண்டாம். நான் கெஞ்சினாலும் கூட்டிட்டு வராதீங்க. வலி போயிடுச்சுன்னு நானே சொன்னாலும் நம்பாதீங்க. நேரா அந்த டாக்டரம்மாகிட்ட போய்க் கேளுங்க. அவங்ககிட்ட நான் பொய் சொன்னேன்னும் சொல்லிடுங்க."

அவன் முறியாத கையால் மகளைத் தூக்கினான். அப்போதுதான் குழந்தைக்குப் புரிந்தது. எதற்கும் அழாதது வீறிட்டது. அப்பாவின் கழுத்தைப் பிறாண்டியது, ஆறாத தோளில் குத்தியது, வாசல் நிலையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டது. அவனால் ஒரு கையால் பிடுங்க முடியவில்லை. கோழியக்கா வந்தாள். தன் மகளின் விரல்களை நிலையிலிருந்து ஒவ்வொன்றாக, ரத்தம் வழிகிற கையால், பிரித்து எடுத்தாள். கடைசி விரல் விட்டதும் இரண்டு பேரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

உள்ளே அவளும் வலியும் மட்டும். அடிக்க ஆள் இல்லை என்று தெரிந்ததும் அது தன் முழு பலத்தையும் காட்டியது. அவள் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றாள். அந்தப் பக்கம் சின்னக் கைகள் கதவை அடித்துக்கொண்டிருந்தன.

"நான் அழ மாட்டேன்னு சொன்னேன்லம்மா! கதவத் தொறந்து பாரு, நான் அழவே இல்ல! ஒரு தடவ அடிச்சுப் பாரும்மா, நான் அழவே இல்ல!"